போனுக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டு டெலிபோனை நான்தான் கொண்டுபோய் ஒப்படைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மகள் ஒரு வார்த்தை சொன்னாள், நான் மறுநாளே கிளம்பிவிட்டேன். மாதாமாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் இதற்கு வாடகை போகிறது என்று அவள் பில்லை நீட்டிக் காட்டிய பிறகு, அதை வீட்டில் இன்னொரு நாள் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவள். சிக்கனம் என்று நான் சொல்வேன். கஞ்சம் என்று என் அண்ணன் சொல்வார். எது சரி என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

வீடு திருக்கோகர்ணத்தில். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். காலையில் டவுன் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பஸ் மாறி, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். என் கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போனார். வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். தளம் போட்டாயிற்று. அதற்கு மேல் மாடியும் எழும்பியது. மகள் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, வேலைக்கும் போனாள். அவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவில் வந்து போய்க்கொண்டிருந்தார்.

முதல் லீவில் வந்தபோது அவரே அலைந்து திரிந்து வாங்கிவைத்ததுதான் அந்த டெலிபோன். ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், அதற்கென்று ஒரு மர ஸ்டாண்டு செய்து, அதன் மேல் நான் பின்னிய லேஸ் துணியைப் போட்டு உட்காரவைத்திருந்தோம். போன் வந்துவிட்டதே தவிர, பேசுவதற்குக் காசு? அங்கே அவர் கார்டு வாங்கி, அதைச் சுரண்டி, நீளமாக நம்பர் போட்டுப் பேச வேண்டும். ஹலோ என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கார்டு தீர்ந்துவிடும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு மணி அடித்து நின்றால், வேலை முடிந்து ரூமுக்கு வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார். இரண்டு மணி அடித்து நின்றால், பணம் அனுப்பியிருக்கிறார். மூன்று என்றால் கடிதம் போட்டிருக்கிறார். நாலாவது மணியும் அடித்தால் மட்டுமே எடுக்க வேண்டும், அப்போதுதான் பேச்சு. அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்.

இதில் சிக்கிக்கொண்டது என்னுடைய சொந்தபந்தங்கள்தான். ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. மனிதர் பக்கத்தில் இருந்தவர், முதல் மணியிலேயே எடுத்து, "ஹலோ, யாருங்க? மாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டார். நான் மாவுக் கையோடு ஓடிப்போய், "வைங்க! வைங்கண்ணே போனை!" என்று கத்தி, அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டேன். அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. காப்பிகூடக் குடிக்காமல் போனார். மறுநாள் அண்ணியும் பெரியம்மாவும் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். "மாப்பிள்ளையோட பேச மாட்டியாமே? என்னடி சண்ட ஒங்களுக்குள்ள? எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்று பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று நான் விளக்கிச் சொல்ல, பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "காசைப் புடிச்சு இறுக்குறதுல புருசனும் பொண்டாட்டியும் சரியான சோடி" என்றார். எங்களுக்கு அதில் பெருமைதான். எங்கள் ஹெட்மிஸ்டிரஸுக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை. அவர் எப்போது கூப்பிட்டாலும் நான் நாலாவது மணியில்தான் எடுக்கிறேனாம், எனக்கு அவ்வளவு மெத்தனமாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ஓட்டமும் நடையுமாக வந்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்காருவேன். குரலை மட்டும் கேட்கப் போகிறவருக்காக எதற்குப் பொட்டு என்று நானே என்னைக் கேலி செய்துகொண்டதும் உண்டு. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பேசி முடிக்கும்போது காது சுட்டுக் கிடக்கும். அந்தச் சில நிமிடத்தில் அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா, மேஸ்திரியோடு வாக்குவாதமா, சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறாரா, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். பார்க்க முடியாத ஆளைக் காதால்தானே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும்? அவர் விடும் ஒரு பெருமூச்சைக்கூட நான் தவறவிட்டதில்லை. அப்போதெல்லாம் பேச்சு ஒரே விஷயத்தில்தான் போய் நிற்கும். இன்னும் எத்தனை மாதம், எந்தத் தேதிக்கு டிக்கெட், திருச்சிக்கா சென்னைக்கா. வேறு எதையும் பேச எங்களிடம் நேரம் கிடையாது.

மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தாள். அவர் லீவில் வந்து போன சில மாதங்களில், அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி ஆகி, ஊருக்கு வந்துவிட்டாள். வந்தவுடன் கேபிள்காரரைப் பிடித்து வீட்டுக்கு இன்டர்நெட் போட்டாள். அதுவரை நான் பட்டன் போன் வைத்திருந்தவள். அதைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு ஒரு பெரிய போனை என் கையில் கொடுத்தாள். "அம்மா, இனிமே அப்பாவோட எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். மூஞ்சியப் பாத்தே பேசலாம். தனியா காசு கெடையாது" என்றாள். காசு கிடையாது என்ற வார்த்தையை அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் விழுந்துவிட்டேன். அடுத்த வாரமே அந்த டெலிபோன் பில்லையும் காட்டினாள்.

டெலிபோன் ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் இணைப்பைத் திருப்பித் தருவதற்குக் காரணம் என்ன என்று ஒரு கோடு போட்டிருந்தது. நான் அழகான டீச்சர் கையெழுத்தில் 'தேவை இல்லை' என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்தவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சர், புதுசு மாதிரி வச்சிருக்கீங்க" என்றார். நான் அதைக் கொண்டுபோவதற்கு முன்பு ஈரத்துணியால் துடைத்து, எண்களுக்கு நடுவில் இருந்த அழுக்கைத் தீக்குச்சியால் எடுத்திருந்தேன். டெபாசிட் தொகைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, வாழ்க்கையில் ஒரு ஓட்டையை அடைத்துவிட்ட திருப்தி எனக்கு.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். வீடியோவில் அவர் முகம் ஒரு நிமிடம் அப்படியே நின்றது. நெட்தான் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "எடுத்துட்டியா? அதான் ஸ்டாண்டு காலியா தெரியுது" என்றார்.

"ஆமாங்க. எதுக்கு வெட்டியா? இனிமே நீங்க பக்கத்துலயே இருக்க மாதிரிதானே" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார்.

நான் சொன்ன அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிது போல இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். காலையில் எழுந்தவுடன் ஒரு தடவை, மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவர் அங்கே அரிசி டப்பாவில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு சமைப்பார். நான் இங்கே மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துவைத்துக்கொண்டு சமைப்பேன். "புளி கூடிப்போச்சுன்னு நெனக்கிறேன்" என்று கரண்டியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார். நான் பார்த்தே, "கொஞ்சம் வெல்லம் போடுங்க" என்பேன். இரண்டு அடுப்பும் ஒரே வீட்டில் எரிவது போல இருக்கும். சக டீச்சர்கள் கேலி செய்தார்கள். "டீச்சருக்கு வந்த யோகத்தப் பாரு" என்று கண்ணடித்தார்கள்.

பிறகு பேச்சு மெல்ல மெலிந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆனபிறகு, இப்போதே பேச வேண்டியது என்று ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சாப்பிட்டாச்சா, ஆச்சு. என்ன குழம்பு, கத்தரிக்காய். வெயில் எப்படி, அதே வெயில்தான். போன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அவர் துணி மடிப்பார், நான் நோட்டுத் திருத்துவேன். இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் மூலையில் நம்முடைய முகமும் சின்னதாகத் தெரியுமே, நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் பாதி நேரம் பேசியிருக்கிறேன். முடி சரியாக இருக்கிறதா, கன்னம் ஒட்டித் தெரிகிறதா என்று. காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்தக் கவனம் என்னிடம் இல்லை. அவருக்குச் சர்க்கரை வந்திருப்பதை மூன்று மாதம் கழித்து மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடம் முடிந்து லீவு வந்தது. எப்போதும் ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் பேச்சு தொடங்கிவிடும். இந்தத் தடவை ஒருநாள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"லீவு இப்ப எடுக்கட்டா, அடுத்த வருசம் எடுக்கட்டா? போக வர டிக்கெட் காசுக்குப் பாப்பாவுக்கு ஒரு வளையலே எடுத்துறலாம். தெனம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். நீ என்ன சொல்ற?"

வாங்க என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "அதுவும் சரிதாங்க. எதுக்கு வீணா?" என்றேன். அவர் தோசையை எடுத்துத் தட்டில் வைத்தார். வளையல் வந்தது. நல்ல கனமான வளையல். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வருடமும் கேட்டார். லீவுக்கு வராவிட்டால் அந்த மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுப்பதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள், வரட்டுமா வேண்டாமா என்றார். நான் "உங்க இஷ்டங்க" என்றேன். அதற்கடுத்த வருடம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தோம். எப்படியும் கல்யாணத்துக்கு வர வேண்டியிருக்கும், இரண்டு தடவை எதற்கு என்று இந்த முறை நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவர் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

இப்படியே வருடம் போனது. அவர் வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. முந்நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்துப் போனைத் திருப்பிக்கொடுத்தவள், விமான டிக்கெட்டுக்குச் செலவழித்து ஊருக்கு வாங்க என்று எந்த முகத்தோடு கேட்பது? தினமும் மூன்று தடவை பார்க்கிற ஆளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொன்னால் சிரிக்க மாட்டாரா?

ஆசையாகத்தான் இருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியவள் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். லீவில் வந்தால் அவர் சும்மா உட்காரமாட்டார். வந்த மறுநாளே ஸ்டூலைப் போட்டு ஏறி எல்லா ஃபேனையும் கழற்றிக் கழுவுவார். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். குளித்துவிட்டு ஈரத் துண்டை நாற்காலி முதுகில்தான் போடுவார், கொடியில் போடவே மாட்டார். அதற்கு நான் சத்தம் போடுவேன். அந்தச் சண்டைக்கு ஏங்கினேன். தூங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்குவார், அந்தப் பிடிக்கு ஏங்கினேன். எந்தப் போனில் வரும் அது? ஃபேனில் தூசி அடையாய்ப் படிந்துபோய், சுற்றும்போது கறுப்பாகத் தெரிந்தது. ஆள் வைத்துக் கழுவிவிடலாம். நான் கழுவவில்லை.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாய்ப் பிடித்துக்கொண்டது. மகள் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போயிருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை. காலையிலிருந்து வீடியோவை அணைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தண்ணீர் தாகம். எழுந்திருக்க முடியவில்லை. "தண்ணி அங்கிட்டு ஜன்னல்ல இருக்கு பாரு. கைய நீட்டு, இன்னும் கொஞ்சம், இங்கிட்டு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கை எட்டவில்லை. அவர் அங்கே தன் கையை நீட்டினார். நிஜமாகவே நீட்டினார், ஸ்கிரீன் முழுக்க அவர் உள்ளங்கை தெரிந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்காவது நான் வாங்க என்று சொல்லியிருக்கலாம். பாராசிட்டமால் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் சொன்னேன்.

மகளுக்குக் கீரமங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பூ விவசாயம் செய்கிற குடும்பம். பையன் மகளைப் போலவே கம்பெனி வேலை. நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் குறிக்கச் சொன்னேன், இவருக்கு அன்று லீவு என்பதால். "அதுக்குன்னு வர வேணாம்ல? கல்யாணத்துக்கு வந்துர்றேன். நிச்சயத்த வீடியோல போட்டுரு" என்றார் அவர். நானும் சரி என்றேன். நல்ல மனைவி.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஹாலில் ஜமுக்காளம் விரித்து, ஆண்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். முன்வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி பெண்ணின் அப்பாவுக்கு. அதில் ஒரு பட்டுத் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் என் போனை நிறுத்தி, நாற்காலி முதுகில் சாய்த்துவைத்தோம். போனுக்குள் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி என்று பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். பின்னால் ரூம் சுவரில் தொங்கிய துணிகளைக்கூட எடுத்து ஒளித்துவைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாம் குனிந்து, "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டுத் தட்டாக மல்லிகையும் முல்லையும் கொண்டுவந்து இறக்கினார்கள். வீடே மணத்தது. சம்பந்தி நல்ல மனிதர், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்கிறவர். ஒவ்வொருவருக்காகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவர், அண்ணனுக்கு வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு வந்ததும் நின்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பொண்ணோட அப்பாவுக்குச் சந்தனம் வைக்காம எப்புடிங்க? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, நெற்றியில் வைப்பதுபோலப் போனின் உச்சியில், நடுவில், திருத்தமாக ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமமும் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். உள்ளே அவரும் கைகூப்பிச் சிரித்தார். எனக்குக்கூடச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

பிறகு பத்திரிகை வாசித்தார்கள். தட்டு மாற்றும்போது அவர் இடத்தில் என் அண்ணன் எழுந்து நின்று நானும் அண்ணனுமாகக் கொடுத்தோம். மோதிரம் போட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள், ஒரே சத்தம். மகள் பெரியவர்கள் கால்களில் வரிசையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டு வந்தாள். "அப்பா கால்ல விழும்மா" என்று அண்ணி சொன்னார். அவள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட விழுந்தாள். எழுந்தாள். நகர்ந்தாள். அதற்குப் பிறகுதான் போனுக்குள் அவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவர் கை தூக்கியதை நான் கவனித்தேன். நெட் கொஞ்சம் தாமதமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டு பந்திக்கு இலை போடப் போய்விட்டேன்.

எல்லோரும் சாப்பிட்டு, வேன் ஏறிப் போனபோது மணி மூன்றிருக்கும். மகள் மாடியில் சேலை மாற்றப் போனாள். நான் ஓய்ந்துபோய் வந்து அந்த நாற்காலியிலிருந்து போனை எடுத்தேன். அவர் இன்னும் அப்படியே, அதே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை.

"எல்லாம் நல்லா தெரிஞ்சுச்சாங்க?" என்று கேட்டேன்.

"ம், நல்லா தெரிஞ்சுச்சு" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். சம்பந்தி வைத்த சந்தனம் கேமராவின் கண்ணுக்கு மேலேயே அப்பிக் காய்ந்து போயிருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். அவர் கண் விரிந்து, முகம் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்தது.

"எப்பலேருந்து தெரியல?" என்றேன்.

அவர் தயங்கினார். "சம்பந்தி பொட்டு வச்சதுலேருந்து."

"அப்ப மோதிரம் போட்டது?"

"கை தட்டுனது கேட்டுச்சு."

"பாப்பா ஒங்க கால்ல விழுந்தாளே?"

"ஒங்க அண்ணி சொன்னது கேட்டுச்சு. அதான் கையத் தூக்குனேன்" என்றார். பிறகு, "சேல என்ன கலரு?" என்று கேட்டார்.

"ஏங்க, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? தொடச்சிருப்போமே!" என்று நான் கத்திவிட்டேன்.

"நல்ல காரியம் நடக்குற எடத்துல, பொண்ணப் பெத்தவன் எப்புடிச் சொல்றது? வச்ச சந்தனத்தத் தொடைங்கன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பெற்ற மகளின் நிச்சயத்தன்று மூன்று மணி நேரம் வெறும் இருட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் தலையாட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்திருக்கிறார். யார் மேல் கோபப்படுவது? சம்பந்தி மேலா, நெட்டு மேலா? "வந்துருங்க" என்றேன்.

"கல்யாணத்துக்குத்தான் வாரேனேம்மா."

"கல்யாணத்துக்கு வந்துட்டுப் போறத நான் கேக்கல. மொத்தமா வாங்க. பாப்பாவுக்காக வேணாம், யாருக்காகவும் வேணாம். எனக்கு நீங்க வேணும்" என்றேன்.

அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு வருசமும் வரட்டா வேணாமான்னு ஒன்னத்தானே கேட்டேன். ஒருவாட்டியாச்சும் வான்னு சொன்னியா நீ?" என்றார். "ஒனக்கு இப்புடியே பழகிப்போச்சு போலன்னு நெனச்சேன். செலவு வைக்க வேணாம்னு இருந்துட்டேன். நீ வான்னு சொல்லியிருந்தா அந்த வருசமே வந்திருப்பேன்."

பேசப் பேசக் காசே ஆகாத இத்தனை வருடத்தில் ஆயிரம் தடவையாவது கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசியிருப்போம். வாங்க என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் மிச்சம் பிடித்துவைத்திருந்திருக்கிறேன்.

மறுநாளே அவர் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் நோட்டீஸ் இருக்கிறதாம். அது முடிந்துதான் விடுவார்கள், கல்யாணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பு வந்துவிடுவார். டிக்கெட் எடுத்தாயிற்று, திருச்சிக்கு என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல அவர் கூப்பிட்டபோது நான் ஒன்று சொன்னேன். வந்து இறங்குகிறவரை வீடியோவில் வராதீர்கள், சும்மா குரலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசினால் போதும், முகத்தை நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பைத்தியம் புடிச்சுருச்சா ஒனக்கு?" என்று சிரித்தார். பிறகு சரி என்றார்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மற்ற டீச்சர்களோடு சாப்பிடுகிறேன். சாயங்காலம் சமைக்கும்போது மிளகாய்த்தூள் டப்பா தன் இடத்திலேயே இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. பார்க்க வேண்டும் போல இருக்கிறது.